பால் திரிந்தால் யார் குற்றம்? மொரீஷியஸில் ஒரு தைப்பூச வாரம்

திங்கள், போர்ட் லூயிஸ்

தலைநகரின் வடக்கு ஓரத்தில் உள்ள சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் திருக்கோயிலைக் 'கைலாசன் கோயில்' என்று கேட்டால்தான் பேருந்து நடத்துநருக்குப் புரியும். தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்பே கொடியேறி விரதம் தொடங்கிவிடுவதால், இந்த வாரம் தீவின் எந்தத் தமிழ்க் கோயிலுக்குப் போனாலும் மாலையில் கூட்டம் இருக்கிறது. வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசுகிறவர்களும் இங்கே தேவாரத்தையும் திருப்புகழையும் தமிழில்தான் பாடுகிறார்கள். எழுத்து தெரியாதவர்கள் ரோமன் எழுத்தில் அச்சிட்ட பாட்டுத்தாளைப் பார்த்துப் பாடுகிறார்கள்.

விரத நாட்களின் சொற்பொழிவுகளில் அற்புதங்கள் இல்லாமல் இருக்காது. அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள், கல் தெப்பமாக மிதந்தது. சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்தார்கள், சூடு அவரைத் தொடவில்லை. கேட்டுவிட்டு வெளியே வரும் இளைஞர்கள் கேட்பது ஒன்றே: இதெல்லாம் அப்படியே நடந்ததா? 'நம்பு' என்பதும் 'கட்டுக்கதை' என்பதும் சோம்பேறித்தனமான பதில்கள். முதலில் பாட்டைப் பார்க்கலாம்.

அப்பர் 7ஆம் நூற்றாண்டு. அவர் வரலாற்றை விரித்துப் பாடிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டு. இடையில் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள். கல் தெப்பமானது சேக்கிழார் வாக்கு. அப்பர் தம் நீலக்குடிப் பதிகத்தில், 'கல்லினோடெனைப் பூட்டி அமண்கையர் ஒல்லை நீர்புக நூக்க' என்று தொடங்கி, நீலக்குடி அரன் நாமத்தைச் சொல்லி உய்ந்தேன் என்று முடிக்கிறார். தண்ணீரில் தள்ளப்பட்டதையும் பிழைத்ததையும் அவரே சொல்கிறார். கல் மிதந்ததாக அந்தப் பாட்டில் இல்லை. காளவாய்க்குள் பாடியதாகச் சொல்லப்படும் 'மாசில் வீணையும்' பாட்டில் காளவாயே கிடையாது. மாலை மதியமும் வீசு தென்றலும் மூசு வண்டறைப் பொய்கையும்தான் இருக்கின்றன.

கதை முழுப் பொய் என்பவர் அப்பரின் சொந்த வாக்குமூலத்தைத் தூக்கி எறிகிறார். கல் மிதந்தது என்று அடித்துச் சொல்பவரோ அப்பர் சொல்லாததை அவர் தலையில் ஏற்றுகிறார். கொல்ல வந்த அரசதிகாரத்தின் முன் ஒரு முதியவர் அசையாமல் நின்றார் என்பதே அந்தப் பாட்டின் வலிமை. அதற்குக் கல் மிதக்க வேண்டிய அவசியமில்லை.

செவ்வாய், சாந்த் க்ருவா

கைலாசன் கோயிலுக்கு அருகிலேயே பெர் லவால் கல்லறை. பிரெஞ்சுப் பாதிரியார் ஜாக் தெசிரே லவால் 1841இல் தீவுக்கு வந்தார், விடுதலை பெற்ற அடிமைகளிடையே உழைத்தார், 1864 செப்டம்பர் 9 அன்று இறந்தார். ஆண்டுதோறும் செப்டம்பர் 8 இரவு இங்கே நடந்து வருகிறவர்களில் தமிழ் இந்துக்களும் ஏராளம். கல்லறை மீதுள்ள உருவத்தைத் தொட்டு வேண்டிக்கொள்கிறார்கள்.

1979 ஏப்ரல் 29 அன்று ரோமில் இவருக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் தரப்பட்டது. அதற்கு எடுத்துக்கொள்ளப்பட்ட அற்புதம், 1923இல் இந்த இடத்தில் வேண்டிக்கொண்ட ஒரு மருத்துவரின் எக்ஸிமா என்ற தோல்நோய் குணமானது. இத்தகைய வழக்குகளில் கத்தோலிக்கத் திருச்சபை பார்க்கும் அளவுகோல்களை 18ஆம் நூற்றாண்டில் லம்பெர்த்தினி வகுத்தார். பின்னாளில் பதினான்காம் பெனடிக்ட் என்ற போப் ஆனவர் அவர்தான். நோய் கடுமையானதாக இருக்க வேண்டும். தானாகத் தணியும் கட்டத்தில் இருந்திருக்கக் கூடாது. கொடுத்த மருந்தால் குணமானது என்று சொல்ல வழி இருக்கக் கூடாது. குணம் திடீரென்றும் முழுமையாகவும் வந்து, நோய் திரும்பாமல் இருக்க வேண்டும். எக்ஸிமா தானே ஏறி இறங்கும் நோய் என்பதால் அதில் கடைசி நிபந்தனைதான் உயிர்நாடி.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மருத்துவர் குழு 'இன்றைய மருத்துவத்தால் விளக்க முடியவில்லை' என்ற அளவில் நின்றுவிடுகிறது. 'கடவுள் செய்தார்' என்பது அவர்கள் தீர்ப்பல்ல, அதைச் சொல்ல வேண்டியவர்கள் இறையியலாளர்கள். நம் கோயில் பேச்சுகளில் இந்த இரண்டும் ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன.

குணமாகாதவர்கள்தான் எப்போதும் பெரும்பான்மை. பக்தி போதவில்லை என்று அவர்களிடம் சொல்ல எந்தக் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் உரிமையில்லை.

புதன், கங்கா தலாவ்

மழை, குளிர்காற்று. கடற்கரையில் வியர்த்தாலும் இங்கே மேல்சட்டை வேண்டும். ஏரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிராண்ட் பாசேன் என்ற இந்த எரிமலைவாய் ஏரிக்கும் கங்கைக்கும் தொடர்பு இருப்பதாக 1897 வாக்கில் த்ரியோலே ஊர்ப் பூசாரி ஒருவர் கனவு கண்டார் என்பது தலவரலாறு. பூமிக்கடியில் கங்கை ஓடி வருகிறது என்று அதை அப்படியே சொல்பவர்கள் இன்றும் உண்டு. கடலடியிலிருந்து எழுந்த எரிமலைத் தீவு இது. இந்தியா நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். ஏரியை நிரப்புவது இந்த மேட்டுநிலத்தில் ஓயாமல் பெய்யும் மழை.

ஆனால் 1972இல் கங்கை நீரைக் கொண்டுவந்து இதில் கலந்தார்கள். கங்கா தலாவ் என்ற பெயர் நிலைத்தது அதன்பிறகுதான். கனவைவிட இந்தச் செயல் எனக்குப் பெரிதாகப்படுகிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நீரைக் கையால் சுமந்து வந்து ஊற்றி ஓர் ஏரியைப் புனிதமாக்கினார்கள். இதில் நம்ப முடியாதது எதுவுமில்லை, வணங்கத்தக்கது நிறைய இருக்கிறது.

வியாழன், தைப்பூசம், காத்ர் போர்ன்

இன்று தேசிய விடுமுறை. மெட்ரோவில் காத்ர் போர்ன் வரை வந்துவிட்டு நடப்பதே நல்லது. ஊர்வலச் சாலைகளில் வண்டி நகராது. கோர் த கார்த் மலைச்சரிவில் உள்ள சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் படியேற வேண்டும். தண்ணீர்ப் புட்டி, தொப்பி, முதியவர்களுக்குக் கைத்தடி. கோடைகாலம், முப்பது பாகைக்கு மேல்.

காவடியின் இருபுறமும் பால் செம்பு கட்டியிருக்கும். மணிக்கணக்கில் வெயிலில் நடந்து கோயில் சேர்ந்து திறக்கும்போது பால் திரியாமல் இருக்க வேண்டும். இருந்தால் முருகன் ஏற்றுக்கொண்டார். திரிந்திருந்தால் விரதத்தில் குறை. இந்த நம்பிக்கை இங்கே மிக ஆழமானது. அதனால் பாலைப் பற்றிச் சற்று விரிவாக.

புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு புதிய பாலில் 6.6 அல்லது 6.7. புளிக்கப் புளிக்க இது குறையும். அதிலுள்ள லாக்டிக் பாக்டீரியா பால் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிட, அளவு இறங்கிக்கொண்டே வந்து 4.6 அருகில் கேசீன் புரதம் திரண்டுவிடும். எவ்வளவு நேரத்தில் என்பது தொடக்கத்தில் எத்தனை பாக்டீரியா இருந்தன, பால் எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்தது. கறந்த பச்சைப்பால் இந்த வெயிலில் அரைநாளைத் தாண்டுவது கடினம். பெட்டிப்பால் உயர்சூட்டில் கிருமி நீக்கியது, தூய செம்பில் மாலைவரை தாங்கும். மொரீஷியஸில் பால் பெரும்பாலும் இறக்குமதியான பால்மாவாகவே புழங்குகிறது. கொதித்த நீரில் கரைத்த மாவுப்பாலும் ஏழெட்டு மணி நேரம் தாங்கக்கூடியது.

திரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பாத்திரத்தில் இருக்கும். பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் துலக்குகிறோம். கழுத்தின் உள்விளிம்பில் ஒட்டிய புளிச்சாறு, சூடான பாலை ஊற்றிய சில நிமிடங்களில் திரித்துவிடும். எலுமிச்சையும் அப்படித்தான். அடுத்த காரணம் சூடு. காய்ச்சிய பாலை வெதுவெதுப்பாக இருக்கும்போதே செம்பில் ஊற்றி, மேலே தேங்காயோ இலையோ வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினால், தயிர் உறைவதற்கு என்ன வேண்டுமோ அத்தனையும் செய்தாயிற்று. நாற்பது பாகையில்தான் அந்தப் பாக்டீரியா வேகமாகப் பெருகும். மூன்றாவது, முந்தின நாள் தயிர் வைத்த கரண்டி.

செய்ய வேண்டியது: முந்தின இரவே செம்பைத் துலக்கி, வெந்நீரில் மூன்று முறை அலசி, கவிழ்த்து நன்றாகக் காயவிடுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சி, மூடியபடி முழுக்க ஆறவிட்டு, கிளம்பும் முன் ஊற்றுங்கள். கட்டும் துணி துவைத்துக் காய்ந்ததாக இருக்கட்டும். ஊர்வலத்தில் செம்பு வெயில்படும் பக்கம் இருந்தால் ஈரத்துணி சுற்றலாம்.

இதைச் சொன்னால் 'அப்படியானால் முருகன் எங்கே?' என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. என் கவலை அந்தச் செம்பைச் சுமந்து வந்தவரைப் பற்றியது. பத்து நாள் மரக்கறி உண்டு, தரையில் படுத்து, வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்து வந்த ஒரு பெண்ணின் செம்பு திரிந்திருந்தால் சுற்றி நிற்கிறவர்கள் என்ன கேட்கிறார்கள்? வீட்டில் யாராவது மீன் சமைத்தார்களா, தீட்டு ஏதாவது இருந்ததா என்று நேரடியாகவே கேட்கிறார்கள். பால் திரியாததை அற்புதம் என்று வைத்துக்கொண்டால், திரிந்த பால் குற்றப்பத்திரிகை ஆகிவிடுகிறது. விளிம்பில் ஒட்டிய ஒரு துளிப் புளிக்காக ஒருத்தி ஆண்டு முழுக்க மனம் குன்றி நடக்கிறாள். இந்த அநியாயத்தைச் சுட்டிக்காட்டாமல் அற்புதத்தைப் பற்றிப் பேசக் கூடாது.

அலகிலும் இதே கதைதான். 'பக்தி இருந்தால் ரத்தம் வராது' என்கிறார்கள். மெல்லிய, கூரிய ஊசி திசுவை ஒதுக்கிக்கொண்டு போகிறது. உள்ளே இருக்கும்வரை அதுவே துளையை அடைத்துக்கொள்கிறது. விரதமும் மேளமும் சேர்ந்த மனநிலையில் வலி குறைவாக உணரப்படுகிறது. ஆனால் ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ரத்தம் வரத்தான் செய்யும். எத்தனை பக்தி இருந்தாலும் அது நிற்காது. நாக்கின் அடியில் ஓடும் ரத்தக்குழாயில் குத்தினால் யாருக்கும் வரும். ஒருவருக்குப் பயன்படுத்திய ஊசியைத் துடைத்து அடுத்தவருக்குப் போடவே கூடாது. மஞ்சள்காமாலை பி, சி கிருமிகளும் எச்.ஐ.வி.யும் அவ்வழியே பரவும். திருநீறு கிருமிநாசினி அல்ல. குத்துகிறவர் ஒவ்வொருவருக்கும் புதுக் கையுறை மாற்ற வேண்டும்.

நண்பகலில் கருந்தார் அறுபது பாகையைத் தாண்டும். வழியில் வீட்டுக்காரர்கள் குழாய் பிடித்துச் சாலையை நனைத்துக்கொடுப்பது இந்த நாளின் மிகப் பெரிய தொண்டு.

வெள்ளி

நாள் முழுக்கச் சாரல். தீவின் சில கோயில்களில் கத்திப்படி ஏறும் வழக்கமும் உண்டு. கத்தி அறுப்பது அழுத்தத்தால் மட்டுமல்ல, தோலின் மேல் இழுபடும்போதுதான். பாதத்தை நேர்கீழாக வைத்து, நேர்மேலாக எடுத்து, பக்கவாட்டில் நழுவவிடாமல் ஏற வேண்டும். படி ஆடினால் ஆபத்து. ஆகவே கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்பதை ஏறுகிறவரே பார்க்க வேண்டும். இதற்குமேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

தாயுமானவர் 'சலமேல் நடக்கலாம், கனல்மேல் இருக்கலாம்' என்று சித்திகளை அடுக்கிவிட்டு, 'சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது' என்கிறார். கனல்மேல் இருப்பதை அவர் மறுக்கவில்லை, அதை எளியவற்றின் பட்டியலில் வைக்கிறார். தீமிதிக்கு முன் ஒலிபெருக்கியில் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான வரி இல்லை.

சனி, சவான் மாவட்டம்

தெற்கே கரும்புக் காட்டுக்கு நடுவே உள்ள ஊர்களில் டிசம்பர் முதல் மார்ச் வரை தீமிதி. பல இடங்களில் அது திரௌபதை அம்மனுக்குரியது. போர் முடிந்து திரௌபதை தீயில் நடந்து தன் தூய்மையை நிலைநாட்டினாள் என்ற கதை வியாச பாரதத்தில் இல்லை. அது செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி வழிபாட்டில் வளர்ந்து கப்பலேறி வந்தது. 'மகாபாரதத்திலேயே இருக்கிறது' என்று மேடையில் சொல்வதைத் தவிர்த்தால் போதும். தமிழ்நாட்டு மண்ணில் பிறந்தது என்பதால் அதன் பெருமை குறையாது.

குழி வேலை ஒரு நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. ஐந்தாறு மீட்டர் நீளம் போதும், அதற்கு மேல் நீட்டுவது வீண் வீரம். அடித்தரையில் கல், ஆணி, கம்பித்துண்டு எதுவும் இருக்கக் கூடாது. பழைய கதவு, பலகைப்பெட்டி மரத்தை எரித்தால் ஆணி தணலுக்குள் தங்கிவிடும். பிசின் வடியும் மரமும், வண்ணம் பூசிய மரமும் ஆகாது. காய்ந்த, கனமான, ஒரே பருமனான விறகு நல்லது. நடப்பதற்கு ஐந்தாறு மணி நேரம் முன் மூட்டி, சுடர் முழுக்க அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். எரியாத கட்டைகளை நீண்ட கழியால் இழுத்து வெளியே போட்டுவிட்டு, தணலைத் தட்டிப் பரப்புவார்கள். நாலு விரல் கனத்துக்கு மேல் போனால் பாதம் புதையும். புதைந்தால் உள்ளங்காலுக்குப் பதில் புறங்கால் சுடும், அங்கே தோல் மெல்லியது.

ஞாயிறு, தீமிதி

தணலின் மேற்பரப்பு நானூறு ஐந்நூறு பாகை. 1935இல் இங்கிலாந்தின் சரே பகுதியில் குடா பக்ஸ் என்ற காஷ்மீரியரைத் தணலில் நடக்கவைத்து ஆராய்ந்தபோது மேற்பரப்பு சுமார் 430 பாகை என்று அளந்தார்கள். அவர் காலில் காயமில்லை.

கரி நுண்துளைகள் நிறைந்த, லேசான பொருள். அது தன் சூட்டை மெதுவாகத்தான் கொடுக்கும். பாதம் பெரும்பாலும் நீர், சூட்டை உறிஞ்சும் கொள்ளளவு அதிகம். தோராயக் கணக்கில், 450 பாகைக் கரியைப் பாதம் தொட்ட கணத்தில் தொடுமிடம் 85 பாகையை ஒட்டி நிற்கும். அதே 450 பாகையில் இரும்புத் தகடு இருந்தால் தொடுமிடம் 400ஐத் தாண்டிவிடும், ஒரே அடியில் கால் வெந்துவிடும். ஒவ்வோர் அடியும் அரை நொடி. ஐந்து மீட்டரைக் கடக்க எட்டுக் காலடி, ஒரு காலுக்கு நாலு. உள்ளங்காலின் தடித்த மேல்தோல் அந்த அரை நொடியைத் தாங்கிக்கொள்கிறது. மேலே படியும் சாம்பல் இன்னும் தடுக்கிறது.

எனவே தீமிதி உண்மை. அது நடக்கிறது, கண்ணெதிரே நடக்கிறது. இயற்கை விதி ஒத்திவைக்கப்பட்டதால் நடக்கவில்லை. அந்த விதியின்படியே நடக்கிறது. தணலின் விளிம்பில் நின்று நடுங்கும் காலை எடுத்து முன்வைப்பதற்குத் துணிவும் நம்பிக்கையும் வேண்டும், அது வேறு விஷயம், அது பெரிய விஷயம்.

எங்கே தவறுகிறது? ஓடினால் குதிகால் தணலில் குத்திப் புதைகிறது. நின்றால் அரை நொடி மூன்று நொடியாகிறது. மஞ்சள்நீரில் குளித்த ஈரக்காலோடு இறங்கினால் சிறு தணல் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. பலகாலமாக நடப்பவர்கள் குழிக்கு முன் காலை மண்ணில் அழுத்தித் துடைப்பது அதனால்தான். நைலான் சேலை உருகி ஒட்டும், பருத்தியே உடுத்துங்கள். முன்னால் போனவர் தணலின் முடிவில் பால் நிரப்பிய பால்குழியை அடையும்வரை அடுத்தவரை விடக் கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கவே கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து சர்க்கரை நோய். மொரீஷியஸில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அது இருக்கிறது. நரம்பு மரத்த கால் தணலில் வெந்தாலும் தெரியாது. வலி இல்லாததை அருள் என்று நினைத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். இரண்டு நாள் கழித்துப் புண் அழுகத் தொடங்கும். வெளியே சொன்னால் 'அம்மன் ஏற்கவில்லை' என்பார்கள் என்று பயந்து மறைப்பார்கள். விரலை, சில சமயம் காலையே எடுக்கும்படி ஆகிவிடும். அற்புதத்தை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்வதன் விலையை இவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

காப்பு கட்டும் அன்றே கோயில் நிர்வாகம் ஒவ்வொருவரிடமும் சர்க்கரை உண்டா என்று கேட்க வேண்டும். பேனாவின் முனையால் உள்ளங்காலின் நாலைந்து இடங்களில் மெல்லத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு உணர்கிறாரா என்று பார்க்கலாம். ஓரிடத்தில் உணராவிட்டாலும் அவர் குழியைச் சுற்றி வந்து கும்பிடட்டும். அதை ஒலிபெருக்கியில் முதலிலேயே அறிவித்துவிட்டால் யாருக்கும் தலைகுனிவு இல்லை. உணர்கிறார் என்பதால் மட்டும் அனுமதித்துவிடவும் கூடாது. பழைய புண் ஆறாமல் இருந்தாலும் இறங்க வேண்டாம்.

கால் சுட்டுவிட்டால் உடனே ஓடும் குழாய்நீரில் இருபது நிமிடம் வையுங்கள். பால்குழி அதற்குப் போதாது, நூறு கால் பட்ட பால் அது. மஞ்சள், வெண்ணெய், பற்பசை எதையும் பூசாதீர்கள். பனிக்கட்டி நேரடியாக வைக்காதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி மருத்துவமனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். சர்க்கரை உள்ளவர் வலி இல்லையென்றாலும் திங்கள் காலை காட்டியே ஆக வேண்டும். உடன் ஒருவர் போய், எப்படிச் சுட்டது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லட்டும்.